கல்லீரல் நோயுள்ள வயதான பூனையை வீட்டில் பராமரிப்பது: முழுமையான வழிகாட்டி

"லங்கணம் பரம ஔஷதம்" என்று சொல்லி, உடம்புக்கு முடியாதவரைப் பட்டினி போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. மனிதருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தினாலும் பூனைக்குச் சிறிதும் பொருந்தாது. பூனை, அதிலும் சற்றுப் பருமனான பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தத்தின் வழியே கல்லீரலில் வந்து குவியத் தொடங்கும். அவ்வளவு கொழுப்பையும் கையாண்டு வெளியேற்றப் பூனையின் கல்லீரலால் முடியாது என்பதால், அதன் உயிரணுக்கள் கொழுப்பால் உப்பி, செய்து வந்த வேலையை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். கல்லீரல் வேறு காரணத்தால் கெட்டிருந்தாலும், அந்த நோயால் பசி போய், பசி போனதால் கொழுப்பும் படிந்து, ஒரு நோய் இரண்டாகிவிடும். ஆகவே இங்கே சொல்லப்படும் மருந்துகள், பரிசோதனைகள், கவனிப்புகள் அனைத்தும் பூனையின் வயிற்றுக்குள் தினமும் போதிய உணவு போய்ச் சேர்வதற்குத் துணையாக நிற்பவை என்றே கொள்ள வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுச் செவலையிடம். பதின்மூன்று வயதுப் பெண் பூனை; ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் எடை. கத்திரி வெயில் காலத்தில் ஒரு திருமணத்துக்காக நான்கு நாள் ஊருக்குப் போனபோது, எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். அவர் இரண்டு வேளையும் தவறாமல் தட்டை நிரப்பினார். தட்டும் இரண்டு வேளையும் காலியானது. பால்கனி வழியாக வந்து போன தெருப்பூனைதான் அதைக் காலி செய்தது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகும், வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது என்று நான் இன்னும் ஒன்றரை நாளைக் கழித்தேன். அந்த ஒன்றரை நாளுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர.

பகல் வெளிச்சத்தில் பார்ப்பது

மஞ்சள் காமாலை பூனையிடம் முதலில் தெரிவது மேல் அண்ணத்திலும் ஈறுகளிலும் காது மடலின் உட்புறத்திலும் விழியின் வெண்மையிலும்தான். மஞ்சள் ஒளி தரும் விளக்கின் கீழ் பார்த்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும் என்பதால், காலையில் ஜன்னலோரமாகத் தூக்கி வைத்துக்கொண்டு, மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாக உயர்த்திப் பாருங்கள். மஞ்சள்தூள் போட்டு வேகவைத்த மீனைச் சாப்பிட்ட பூனையின் வாயோர முடி மஞ்சளாக இருப்பதைக் கண்டு பயந்தவர்களும் உண்டு, உண்மையான காமாலையை அந்த மஞ்சள்தூள் கறை என்று எண்ணி விட்டுவிட்டவர்களும் உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் கறை போகும், காமாலை போகாது.

கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது நோய் ஏற்கெனவே ஓரளவு முற்றியிருக்கும். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஒரு டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவைத் தாண்டிய பிறகுதான் அது வெளியே தெரியும். ஆரோக்கியமான பூனைக்கு அது அரை மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். எனவே அதற்கு முன்பே தெரியும் சிறு மாற்றங்கள் முக்கியமானவை: உணவை முகர்ந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டே விலகிப் போவது, வாந்தி, எடை குறைவது, முதுகெலும்பு கையில் தட்டுப்படுவது, வழக்கமான இடத்தை விட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பது, மணல் தட்டில் சிறுநீர் அடர்ந்த ஆரஞ்சு நிறமாக இருப்பது. வயதான பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும், காமாலை தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டியவை

"லிவர் ப்ராப்ளம்" என்பது நோயின் பெயரல்ல. அதற்குள் குறைந்தது நான்கைந்து தனித்தனி நோய்கள் இருக்கின்றன, அவற்றின் சிகிச்சைகளும் வேறு வேறு. பட்டினியால் வரும் கொழுப்புக் கல்லீரலுக்கு உணவே சிகிச்சை. குடலிலிருந்து கிருமி ஏறிப் பித்தநாளங்களில் வரும் அழற்சிக்கு, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆன்டிபயாடிக் தேவைப்படும். உடலின் எதிர்ப்பணுக்களே பித்தநாளங்களைத் தாக்கும் நாள்பட்ட அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கட்டியோ புற்றுநோயோ இருக்கலாம். பூனையில் பித்தநாளமும் கணையநாளமும் ஒன்றாகச் சேர்ந்தே சிறுகுடலில் திறப்பதால், கல்லீரல், கணையம், குடல் மூன்றும் ஒரே நேரத்தில் அழற்சி கொள்வதும் சாதாரணமாகக் காணப்படுவதுதான்.

வயதான பூனையிடம் இன்னொரு குழப்பமும் உண்டு. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதியின் அளவு உயரும். அந்தப் பூனைக்குத் தேவை தைராய்டு சிகிச்சை. கல்லீரல் டானிக்கால் அதற்குப் பயனில்லை. எனவே ரத்தப் பரிசோதனை எழுதும்போது ஏ.எல்.டி., ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. என்ற மூன்று கல்லீரல் நொதிகள், பிலிருபின், ஆல்புமின், சர்க்கரை, சிறுநீரக அளவுகள், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றோடு தைராய்டு அளவான டி4-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏ.எல்.பி. நொதி பூனையின் ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே மறைந்துவிடும் என்பதால், நாயிடம் அலட்சியப்படுத்தக் கூடிய சிறிய உயர்வுகூடப் பூனையிடம் பொருட்படுத்த வேண்டியது. ஏ.எல்.பி. மிகவும் உயர்ந்து, ஜி.ஜி.டி. பெரிதாக உயராமல் இருந்தால், மருத்துவரின் எண்ணம் முதலில் கொழுப்புக் கல்லீரல் பக்கம்தான் போகும்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தநாளம் அடைபட்டிருக்கிறதா, கட்டி உண்டா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அருகில் இந்த வசதி இல்லாதவர்கள் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். கல்லீரலில் ஊசி போட்டு மாதிரி எடுக்கவோ, உணவு செலுத்தும் ட்யூப் பொருத்தவோ முடிவு செய்தால், "வைட்டமின் கே ஊசி முதலில் போடுவீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பித்தம் சரியாக இறங்காத பூனையின் குடல் அந்த வைட்டமினை உறிஞ்சாது. அது குறைந்தால் ரத்தம் உறையாமல் கசியும்.

எவ்வளவு உணவு என்று கணக்கிடுவது

ஓய்வில் இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி வேண்டும். 3 கிலோ பூனைக்கு 160, 5 கிலோ பூனைக்கு 235 என்று வைத்துக்கொள்ளலாம். பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே இந்த முழு அளவையும் கொடுத்துவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடல் திடீரென்று உணவைப் பெறும்போது ரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் அபாயமான அளவுக்குக் குறைந்துவிடும்; பூனை தலையைத் தூக்க முடியாமல் துவளும், ரத்தச் சிவப்பணுக்களும் உடையும். அதனால் முதல் நாள் கால் பங்கு, அடுத்த நாள் அரைப் பங்கு என ஏற்றி, நான்காம் அல்லது ஐந்தாம் நாள் முழு அளவுக்கு வருவதும், அந்த நாட்களில் இந்த இரண்டு தாதுக்களையும் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே போவதும்தான் பாதுகாப்பான முறை.

என்ன உணவு என்பதில் நம் ஊர்ப் பழக்கம் ஒரு தடை. கல்லீரல் நோய் என்றதும் கறி, மீனை நிறுத்திவிட்டுத் தயிர் சாதமும் பால் சாதமும் வைப்பவர்கள் பலர். பூனை முழு ஊனுண்ணி. புரதம் கிடைக்காவிட்டால் தன் தசையையே கரைத்துக்கொள்ளும், கல்லீரலும் தேறாது. கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா மூளையைத் தாக்கும் நிலை (அதைப் பின்னால் சொல்கிறேன்) வந்தாலொழியப் புரதத்தைக் குறைக்கக் கூடாது, அப்போதும் மருத்துவர் சொல்லும் அளவுக்குத்தான் குறைக்க வேண்டும். பெரிய ஊர்களின் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், நோயிலிருந்து மீளும் பூனைகளுக்கான "ரெக்கவரி" வகை டின் உணவு இதற்கு மிகவும் ஏற்றது. அது கைக்கு வரும்வரை ஓரிரு நாளுக்கு, உப்பும் வெங்காயமும் பூண்டும் மஞ்சளும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியை, வெந்த நீரோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கலாம். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். வெந்த கோழி 120 கிராம் ஏறக்குறைய 200 கிலோ கலோரி தரும். ஆனால் வெறும் கோழி முழுமையான உணவல்ல என்பதால் அதிலேயே வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது. கருவாட்டு வாசனைக்குப் பூனை எழுந்து வரும் என்பது உண்மைதான். வயிற்றில் நீர் கோத்த பூனைக்கு அந்த உப்பு ஆகாது.

தானாகச் சாப்பிட வைப்பதும் சிரிஞ்சில் ஊட்டுவதும்

முதலில் குமட்டலை நிறுத்த வேண்டும். குமட்டும் பூனையின் முன் உணவை நீட்டிக்கொண்டே இருந்தால், அந்த உணவுதான் குமட்டலுக்குக் காரணம் என்று அது மனத்தில் பதித்துக்கொண்டு, குணமான பிறகும் அதைத் தொடாது. மருத்துவர் மரோபிடன்ட் போன்ற வாந்தித் தடுப்பு மருந்தையும், மிர்ட்டாசபின் போன்ற பசி தூண்டும் மருந்தையும் எழுதுவார். மிர்ட்டாசபினைக் கெட்ட கல்லீரல் மெதுவாகவே வெளியேற்றும் என்பதால், இணையத்தில் பார்த்த அளவையோ வேறு பூனைக்கு எழுதிய அளவையோ கொடுக்கக் கூடாது. உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, தட்டையான தட்டில், ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் வைத்துவிட்டு விலகி இருங்கள். பத்து நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

சிரிஞ்சில் ஊட்டும்போது பூனையைத் துண்டால் சுற்றி, முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை நீக்கிய சிரிஞ்சின் முனையைக் கோரைப் பல்லுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, ஒரு முறைக்கு ஒரு மில்லிக்கு மேல் தள்ளாமல், அது விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. உணவு மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா வரும். இந்த முறையால் முழு நாள் தேவையை ஈடுகட்டுவது பெரும்பாலும் நடக்காத காரியம். செவலைக்கு நான் இரண்டு நாள் முயன்றேன். அரைத்த கோழியில் பாதி அதன் மார்பிலும் என் நைட்டியிலும்தான் இருந்தது, மூன்றாம் நாள் சிரிஞ்சைப் பார்த்ததுமே எச்சில் ஒழுகத் தொடங்கியது. அதுவே நிறுத்த வேண்டிய அடையாளம்.

ட்யூப்: பயப்படத் தேவையில்லாத வழி

கழுத்தில் துளையிட்டு உணவுக்குழாயில் ட்யூப் வைப்பது என்றதும், "வயசான ஜீவனை இப்படிக் கொடுமைப்படுத்தணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். என் மாமியாரும் கேட்டார். உண்மையில் அது ஒரு குறுகிய மயக்கத்தில் முடிகிற வேலை. அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் வாயோடு நடத்தும் மல்லுக்கட்டு நின்றுவிடும், பொடிக்கக் கூடிய மாத்திரைகளையும் பொடித்து அதன் வழியாகவே கொடுக்கலாம். மயக்கம் தாங்காத நிலையில் இருக்கும் பூனைக்கு மூக்கு வழியாக மெல்லிய ட்யூப் வைத்துச் சில நாள் நீர்ம உணவு கொடுத்துத் தேற்றிவிட்டு, பிறகு கழுத்து ட்யூபுக்கு மாறுவார்கள். கொழுப்புக் கல்லீரல் நோயில் இந்த விதமாக உணவு கிடைத்த பூனைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன, கிடைக்காதவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். டின் உணவை வெதுவெதுப்பான நீரோடு மிக்ஸியில் நன்றாக அரைத்து, டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். வடிகட்டாத ஒரு சிறு நார் போதும், ட்யூப் அடைபட்டுவிடும். மூடியைத் திறந்ததும் 5 மில்லி வெதுவெதுப்பான நீரை முதலில் மெல்லச் செலுத்துங்கள். அப்போது பூனை இருமினாலோ, ட்யூப் வாய்க்குள் மடங்கி வந்திருப்பதுபோல் தெரிந்தாலோ உணவைச் செலுத்தாமல் மருத்துவரை அழையுங்கள். நீர் ஒழுங்காக இறங்கினால், முதல் நாள் வேளைக்கு 10 முதல் 20 மில்லி உணவும், பிறகு நாளுக்கு நாள் ஏற்றி 4 கிலோ பூனைக்கு 40 முதல் 50 மில்லி வரையும், நாளுக்கு நான்கைந்து வேளையாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் பதினைந்து இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் உதட்டை நக்கினாலோ எச்சில் விழுங்கினாலோ சற்று நிறுத்துங்கள். அவசரமாகச் செலுத்தினால் வாந்தி நிச்சயம். முடிந்ததும் இன்னொரு 5 முதல் 10 மில்லி நீரைச் செலுத்தி, நீர் ட்யூபிலேயே நிற்கும்போது மூடியை இடுங்கள்.

துளையைச் சுற்றியுள்ள தோலைத் தினமும் பார்த்து, மருத்துவர் சொன்ன திரவத்தால் துடைத்து, கட்டு ஈரமானால் மாற்றுங்கள். சீழோ, வீக்கமோ, கெட்ட வாடையோ இருந்தால் அன்றே காட்டுங்கள். கட்டுக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். வாய் வழியாகச் சாப்பிட ட்யூப் தடையல்ல என்பதால், வேளைக்கு வேளை ஒரு சிறு தட்டையும் முன்னால் வையுங்கள். செவலை இருபத்திரண்டாம் நாள் அதைத் திரும்பிப் பார்த்தது. ட்யூபை எடுத்தது ஏழாவது வாரம். ஒரு வாரத்துக்கு மேல் ட்யூபைத் தொடாமலே எடை குறையாமல் இருந்தால்தான் எடுப்பார்கள். துளைக்குத் தையல் போடுவதில்லை, அது தானாகவே மூடிக்கொள்ளும்.

மருந்துகளைக் கொடுக்கும் முறை

பித்தத்தை நீர்க்கச் செய்யும் அர்சோடிஆக்சிகோலிக் அமிலத்தை உணவோடு கொடுக்க வேண்டும்; பித்தநாளம் முழுவதும் அடைபட்டிருந்தால் கொடுக்கக் கூடாது. கல்லீரல் உயிரணுக்களைக் காக்க எழுதப்படும் எஸ்-அடினோசில் மெத்தியோனின் மாத்திரை அதற்கு மாறானது: வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடைக்காமல் பொடிக்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பூனைக்குப் பிரெட்னிசோலோன்தான். பிரெட்னிசோன் என்ற இன்னொரு வடிவத்தைப் பூனையின் உடல் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது. பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தக் கூடாது, அது உட்கொள்ளப்படும் காலத்தில் பூனை மிகுதியாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்தால் சர்க்கரை நோய் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வாய் வழியாகக் கொடுக்கும் எந்த மாத்திரைக்குப் பின்னும் 5 மில்லி தண்ணீரோ சிறிது உணவோ கொடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும்.

கொடுக்கவே கூடாதவை

காய்ச்சலடிக்கிறது என்று பாரசிட்டமால் கொடுப்பது கொலைக்குச் சமம். அதைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையிடம் மிகமிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். தவறி விழுந்த மாத்திரையை நக்கியிருந்தாலும், ஈறு பழுப்பாகி முகமும் பாதமும் வீங்கும்வரை காத்திராமல் உடனே ஓட வேண்டும். வாய்வழி டயாசிபாம் சில பூனைகளின் கல்லீரலை ஒரேயடியாக அழித்துவிடும் என்பதால், பசி தூண்டவோ அமைதிப்படுத்தவோ அதைக் கொடுக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து தருபவர்கள் அன்பினால்தான் தருகிறார்கள். மனிதருக்கு அது தலைமுறைகளாகப் பழகிய மருந்து. ஆனால் பூனையின் கல்லீரல் பல பொருள்களைக் கையாளும் விதமே வேறு. தவிர, கசக்கும் எதையும் வாயில் விட்டால் நுரை தள்ளி, அன்றைய உணவும் போய்விடும். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுங்கள். தைலங்கள், கற்பூரம், அந்துருண்டை ஆகியவை பூனை இருக்கும் அறையில் இருக்கக் கூடாது.

அம்மோனியா மூளையைத் தாக்கும்போது

கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா மூளைக்குப் போனால், பூனையிடம் அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் எச்சில் ஒழுகுவதுதான். பிறகு சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது, வட்டமாக நடப்பது, கூப்பிட்டால் வெறிப்பது, வலிப்பு என்று போகும். குமட்டலாலும் எச்சில் ஒழுகும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய முயன்று நேரத்தை வீணாக்காமல், செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். இந்த நிலைக்கு லாக்டுலோஸ் சிரப் எழுதுவார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போவது சரியான அளவு, நீராகப் போனால் அளவு மிகுதி என்று பொருள். மலச்சிக்கல் இந்தப் பூனைக்கு ஆகாது. மணல் தட்டின் விளிம்பு உயரமாக இருந்து, மூட்டு வலியுள்ள கிழப்பூனை ஏறத் தயங்கினால்கூட மலம் தங்கிவிடும். ஒரு பக்கத்தை அறுத்துத் தாழ்த்திக் கொடுங்கள்.

நாள்தோறும் எழுதி வைப்பது

நான் கிழித்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினேன்: எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை முறை வாந்தி, சிறுநீரின் நிறம், மலம், மருந்து கொடுத்த நேரம். மருத்துவரிடம் அந்தத் தாள் கட்டைக் கொடுத்தால், நாம் நினைவிலிருந்து சொல்லும் "கொஞ்சம் சாப்பிடுது டாக்டர்" என்பதைவிட அவருக்கு அது எவ்வளவோ உதவும். எடையை வாரம் இருமுறை, ஒரே நேரத்தில், கிராம் காட்டும் தராசில் பாருங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழந்தால் அது இருபதில் ஒரு பங்கு. ரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்தில் ஓரிரு வாரத்துக்கு ஒரு முறையும், பிலிருபின் இறங்கத் தொடங்கிய பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் செய்யலாம். இன்னொரு பூனை வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டே உணவு வையுங்கள்.

தேறாத நோய் என்றால்

புற்றுநோயாகவோ, சுருங்கிப்போன கல்லீரலாகவோ இருந்தால், எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் அதன் உடல் ஏற்க மறுக்கும். தன் முடியை நக்கிச் சீர்செய்வதை விட்டுவிட்டதா, நீங்கள் வந்ததும் தலையைத் தூக்குகிறதா, பிடித்த இடத்துக்குத் தானாகப் போகிறதா என்பதையும் அதே தாளில் எழுதி வாருங்கள். நல்ல நாள்களைவிட மோசமான நாள்கள் அதிகமாகும்போது கருணை ஊசியைப் பற்றி மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: முதலில் மயக்க மருந்து தருவீர்களா, வீட்டுக்கு வர முடியுமா, உடலை என்ன செய்வது என்பதுவரை. ஊசி வேண்டாம், உணவை நிறுத்திவிட்டால் அதுவாகவே போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். கல்லீரல் கெட்ட பூனைக்கு அது பல நாள் நீளும் குமட்டல். கடைசி நாள் வரை வாந்தித் தடுப்பு மருந்தையும், அது ஏற்கும் அளவு உணவையும் நிறுத்தாதீர்கள்.